ஊசி என்று மட்டும் சொன்னேன்

மூன்று வருடங்களுக்கு முன், வெள்ளவத்தையில் ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரியில் நான் தாதியாக இருந்தேன். காலில் புண் பழுத்துப்போய், கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் எங்கள் வார்ட்டுக்கு வந்தார். துறைமுகத்தில் வேலை செய்பவர். இரண்டாவது தடவை பெனிசிலின் ஊசி போட்டதும் நெஞ்செல்லாம் தடித்துச் சிவந்து, உதடும் இலேசாக வீங்கியது. ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தேன். மருந்தை மாற்றினோம். பின்னேரத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

நடந்ததை அவருடைய டிக்கெட்டில், அதாவது கட்டிலோடு இருக்கும் நோயாளிக் குறிப்பில், சிவப்பு மையால் எழுதினேன். அந்த டிக்கெட் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிடும். மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் மேலிடத்துக்கு அறிவிக்க ஒரு படிவமும் இருந்தது. அதை நிரப்பினால் யார் ஊசி போட்டது, ஏன் முதலில் விசாரிக்கவில்லை என்று கேள்வி வரும். வேலியில் போகிற ஓணானைப் பிடித்து யாராவது மடியில் விட்டுக்கொள்வார்களா? படிவம் மேசை லாச்சிக்குள்ளேயே கிடந்தது.

வீட்டுக்குப் போகும் நாளில், தனக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் கேட்டார். அடுத்த கட்டிலில் யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "உங்களுக்கு அந்த ஊசி ஒத்துக்கொள்ளாது, இனிப் போடவேண்டாம் எண்டு சொல்லுங்கோ" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு நகர்ந்தேன். கையில் கொடுத்தனுப்பிய சிகிச்சை அட்டையிலும் மருந்தின் பெயர் இல்லை.

இரண்டு மாதம் கழித்து அவருடைய மனைவி வந்து நின்றார். பல்வலிக்கு மருந்தெடுத்த மனிதர் மூச்சு முட்டி விழுந்து, வேறொரு ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறாராம். முன்பு ஒத்துக்கொள்ளாத மருந்து எதுவென்று அங்கே டாக்டர்மார் கேட்டார்களாம்.

"ஊசி ஒத்துக்கொள்ளாதெண்டு நீங்கதானே மிஸ் சொன்னீங்க. அதான் டாக்டர்ட்ட ஊசி வேணாம், குளிசை தாங்கோ எண்டு கேட்டு வாங்கினவர்."

அந்த அம்மா என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஊசிக்குப் பயந்தவர் என்று பல்வலிக்கு மருந்து கொடுத்த டாக்டர் நினைத்திருப்பார். விழுங்கக் கொடுத்த குளிசையும் பெனிசிலின் வகைதான். பழைய டிக்கெட்டைத் தேடியெடுத்து, மருந்தின் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கே படிவத்தை என் பெயர் போட்டு நிரப்பி மேட்ரனிடம் கொண்டுபோனேன். அவர் திட்டவில்லை. இதுபோல இன்னும் எத்தனை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார்.

கடவுள் புண்ணியம், அந்த மனிதர் பிழைத்து வீடு போய்ச் சேர்ந்தார். இப்போதெல்லாம் ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்து, நோயாளிகள் வாயாலேயே ஒருமுறை சொல்லவைத்த பிறகுதான் வீட்டுக்கு விடுகிறேன். என்றாலும், என் சொல்லைத் தட்டாமல் நடந்ததால்தான் ஒரு மனிதர் சாவின் வாசல்வரை போனார் என்ற நினைப்பை என்னால் இன்னும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.