ஓரக்கல்லில் ஒரு வெள்ளிக்கோடு

பத்தொன்பது வருடம் பிறருடைய கார்ச் சக்கரங்களில் கீறல் விழாமல் காத்தவர் உண்மையில் காத்தது எதை? சக்கரத்தையா, தன் பெயரையா, வேறு ஏதாவதா? அவர் வேலையில் இருந்தவரை யாரும் இதைக் கேட்கவில்லை. கேட்க நேர்ந்தபோது பதில் சொல்ல அவர் அங்கே இல்லை.

ஒரு பெரிய ஹோட்டலில் விருந்தினர் கார்களை வாங்கி நிலவறையில் நிறுத்தும் நான்கு பேருக்கு அவர் தலைமை. 'மில்லி' என்று கூப்பிடுவார்கள், மில்லிமீட்டரின் சுருக்கம். ஓரக்கல்லுக்கும் டயருக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடம் விட்டு நிறுத்துவார். இதைத் திறமை என்பதைவிடப் பிடிவாதம் என்பதே சரி. காரில் ஏறியதும் இடதுபக்கக் கண்ணாடியைக் கீழே சாய்த்து, பின்சக்கரமும் கல்லும் ஒன்றாகத் தெரிகிறதா என்று பார்ப்பார். சந்தேகம் வந்தால் இறங்கிப் பார்ப்பார், பின்னால் பத்து கார் ஹாரன் அடித்தாலும் சரி.

கார் வந்தவுடன் நான்கு அலாய் வீல்களின் விளிம்பையும் விரலால் சுற்றித் தடவிவிட்டு, அந்தக் காருக்கான ரசீதுச் சீட்டில் இருக்கும் நான்கு வட்டங்களில் குறிக்க வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த வழக்கம். சக்கரத்தைக் கடிகாரமாக வைத்துக்கொண்டால், காற்றடிக்கும் வால்வு இருக்கும் இடம் பன்னிரண்டு மணி. அதை வைத்துக் கீறல் ஏழு மணியில், மூன்று மணியில் என்று எழுதுவார்கள். கீறல் இல்லையென்றால் ஒரு டிக். கடைசியில் ஓட்டியவர் கையெழுத்து.

எட்டு வருடம் முன்பு மேனேஜரைப் போட்டு அரித்து, சுவரில் ஒரு விதியையும் எழுத வைத்தார்: சக்கரத்தை உரசியவர் அன்றே வீட்டுக்கு. அந்த விதியில் இரண்டு பேர் போனார்கள். அவர் அவர்களுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நேர்மை என்று சொன்னவர்கள் உண்டு. நான் அவசரப்பட்டு அப்படிச் சொல்லமாட்டேன்.

மூன்றாவதாக மாட்டப்போனது அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. ஒரு வருடத்தில் அவனுக்கு அது மூன்றாவது வேலை. "இதுவும் போச்சுன்னா கொழந்தையத் தூக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று அவன் மனைவி சொல்லியிருந்தாள். சொன்னதைச் செய்கிறவள்.

அன்று ஹோட்டலில் ஒரு மாநாடு. பதினோரு மணிக்குக் கார்கள் ஈசல் மாதிரி வந்து விழுந்தன. நாலு பேரும் கால் தரையில் பாவாமல் ஓடினார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு மச்சினன் வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

"மாமா, அந்த வக்கீலம்மா கார எடுக்கச் சொல்றாங்க."

"எடு. அதுக்கு ஏன் இப்படி முழிக்கிற?"

"காலைல சரிவுல இறக்கும்போது ரெண்டாவது திருப்பத்துல லேசா ஒரு சத்தம் கேட்டுச்சு மாமா."

"என்ன சத்தம்? ரப்பரா, உலோகமா?"

அவன் சுவரில் எழுதியிருந்த விதியைப் பார்த்தான். அதுவே பதில்.

"சீட்ட எடு."

சீட்டில் மூன்று வட்டங்களில் டிக் இருந்தது. இடது முன்சக்கரத்தின் வட்டம் காலி. கையெழுத்து இடமும் காலி.

"தடவிப் பாக்கலயா?"

"பின்னாடி ஆறு கார் நின்னுச்சு மாமா."

"கண்ணாடியச் சாச்சியா?"

"மறந்துட்டேன்."

மில்லியே காரை மேலே கொண்டுவந்தார். வக்கீலம்மா காரைச் சுற்றி வந்து, இடது முன்சக்கரத்தின் அருகில் நின்றுவிட்டார்.

"காலைல இந்தக் கீறல் இல்ல."

மேனேஜர் சீட்டை வாங்கிப் பார்த்தார். "பாக்காம விட்டிருக்காங்க மேடம். முன்னாடியே இருந்ததாவும் இருக்கலாமே?"

"இருந்தா குறிச்சிருப்பீங்க. யார் கிட்ட சாவி குடுத்தேன்னு தெரியல, போன்ல இருந்தேன்."

மில்லி குனிந்து கீறலுக்குள் நகத்தை ஓட்டினார். பழைய கீறலில் பிரேக் தூசி படிந்து நகம் கறுத்து வரும். அவர் நகம் சுத்தமாக வந்தது. கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"கீழ போய்க் கல்லப் பாப்போம்" என்றார் வக்கீலம்மா. "அங்க தடம் இருந்தா உங்க தப்பு. இல்லன்னா நான் பேசாம போயிடறேன்."

வக்கீலம்மா, மேனேஜர், மச்சினன், மில்லி நால்வரும் சரிவில் இறங்கினார்கள். மில்லி முன்னால். முதல் திருப்பத்தில் பழைய டயர்க் கறுப்புதான். இரண்டாவது திருப்பத்தில் கேமரா கிடையாது. அங்கே ரப்பர் பட்டை ஒட்டித் தாருங்கள் என்று அவர் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாதாமாதம் அவரே முன்னால் நின்று அடிக்கவைக்கும் மஞ்சள் பெயிண்டின்மேல், ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளிக்கோடு பளிச்சென்று இருந்தது.

வக்கீலம்மாவும் மேனேஜரும் வளைவு திரும்புவதற்குள் அவர் அதன்மேல் ஒரு காலை வைத்து நின்றார். ஷூ கோட்டை முழுக்க மூடியது.

ஒட்டிப் பின்னால் வந்த மச்சினன் மட்டும் பார்த்துவிட்டான். அவனுக்கு மூச்சு திரும்பி வந்தது.

வக்கீலம்மா செல்போன் வெளிச்சத்தைக் கல்லில் மெதுவாக ஓட்டினார். வெளிச்சம் ஷூவின் ஒரு பக்கம் வந்தது, தாண்டி மறுபக்கம் போனது. மேனேஜர் மூன்றாவது திருப்பம்வரை போய்த் திரும்பினார்.

"ஒண்ணும் இல்ல மேடம்."

"சரி. விடுங்க." வெளிச்சம் அணைந்தது. வக்கீலம்மா மேலே நடக்கத் திரும்பினார்.

எல்லாம் முடிந்துவிட்டது. இன்னும் பத்தடி அவர் நடந்திருந்தால் போதும்.

"மேடம்" என்றார் மில்லி. காலை எடுத்தார். "இங்க இருக்கு."

மேனேஜர் குனிந்து பார்த்துவிட்டு, "யார் ஓட்டினது?" என்றார். மச்சினன் வாயைத் திறந்தான். அதற்குள் மில்லி சீட்டை மேனேஜர் கையிலிருந்து வாங்கி, சுவரில் வைத்து, காலியாக இருந்த இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.

"நீங்களா? விளையாடாதீங்க மில்லி."

"விதி எழுதி வச்சிருக்கோம்ல சார். சாவிக்கொத்து மேஜைல இருக்கு."

மச்சினன் இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறான். கண்ணாடியைச் சாய்க்காமல் வண்டியை நகர்த்துவதில்லை. இரண்டாவது திருப்பத்தில் ரப்பர் பட்டை ஒட்டியாயிற்று. மில்லி இப்போது ஒரு கிடங்கில் தள்ளுவண்டி தள்ளுகிறார்.

பழியை அவர் ஏற்றது யாருக்கும் புதிராக இல்லை; உறவு என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். அவர் மனைவி மட்டும் ஒருமுறை கேட்டாள்: "என் தம்பிய காப்பாத்தணும்னா கால அப்படியே வச்சிட்டு நின்னிருக்கலாமே? ஏன் எடுத்தீங்க?"

அவர் ஷூவைக் கழற்றி, இரண்டையும் சுவரிலிருந்து ஒரு விரல் தள்ளி நேராக வைத்துவிட்டு, கை கழுவப் போனார்.