நெவில் கார்னெட் சொல்லாமல் விட்டது

இங்கிலாந்தின் பாரோ ஊரில் முப்பத்தொரு வருடம் கார்களுக்கு எம்.ஓ.டி. சோதனை செய்தவர் நெவில் கார்னெட். வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் அந்தச் சோதனையில் தேறாத வண்டி தெருவில் ஓடக் கூடாது. தேறவிடாமல் திருப்பி அனுப்புவதில் நெவிலுக்கு ஒரு ருசி இருந்தது. ஈஸ்டருக்கு முந்தின நாள் பாதிரியாரின் காரைத் திருப்பி அனுப்பினார். மனைவி பாலினின் காரை வைப்பர் ரப்பர் கிழிந்திருந்ததற்காகத் தள்ளினார். புது ரப்பர் இரண்டு நிமிட வேலை. ஆனாலும் அன்று அவளை மழையில் நடக்கவிட்டு, "சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான்" என்றார்.

முழங்கால் போய் ஓய்வு பெற்ற பிறகும் அந்த ருசி விடவில்லை. நம்பர் பிளேட்டைத் தட்டினால் அந்த வண்டியின் எல்லாப் பழைய சோதனைகளும் அரசாங்கத் தளத்தில் வந்து நிற்கும். எப்போது தேறியது, எதனால் தேறவில்லை, அன்று எத்தனை மைல் ஓடியிருந்தது, எல்லாம் இருக்கும். காசு கிடையாது. பழைய கார் வாங்குகிறவர்கள் வாங்குமுன் அவரிடம் வருவார்கள். வராதவர்களின் வண்டியையும் அவர் பார்த்துவிடுவார். எந்தக் கார் எதிரில் வந்து நின்றாலும் கை தானாகப் போனுக்குப் போகும்.

ஒருமுறை தொழிலாளர் கிளப்பில், பிரிட்ஜெட் என்ற நர்ஸ் தான் வாங்கிய காரைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நெவில் போனைப் பார்த்து உரக்கப் படித்தார்.

"போன வருஷம் தொண்ணூறாயிரம் மைல். இந்த வருஷம் ஐம்பதாயிரம். வயசு குறைஞ்சுக்கிட்டே போகுது. என்ன சோப்பு போடுறே அதுக்கு?"

எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவள் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன்பின் அந்தப் பக்கம் வரவில்லை.

அப்படிப்பட்டவரையே ஒருவன் கேலிப்பொருளாக்கினான். மகள் லியானின் புருஷன் ஷேன். கப்பல் தளத்தில் வெல்டர். நீர்மூழ்கிக் கப்பலின் இரும்பை ஒட்டுகிறவன் என்பதால் அவனுக்கு ஊரில் மரியாதை உண்டு. கிறிஸ்துமஸ் விருந்தில் வான்கோழியை அறுத்துக்கொண்டே அவன் சொன்னான்:

"நெவில் வாழ்க்கை பூரா என்ன பண்ணாரு? ஊரான் பின்பக்கத்த அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தாரு!"

மேஜையே அதிர்ந்தது. பாலின் சிரித்தாள். லியான் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நெவிலும் சிரித்தார். மாப்பிள்ளை சொன்னதைவிட மகள் சிரித்ததுதான் அவருக்குள் முள்ளாகத் தங்கியது.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷேன் வாசலில் ஒரு நீலக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். பதினான்கு வயதான கார். லியானுக்காக வாங்கியது.

"புது சர்ட்டிபிகேட் நெவில். ஒரு குறை எழுதல. நீங்க குனிய வேண்டிய அவசியமே இல்ல," என்றான்.

அவன் பார்த்தது கடைசிச் சான்றிதழை மட்டும். மதியச் சாப்பாட்டில் வறுத்த இறைச்சிக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில், நெவில் மேஜைக்கடியில் போனில் முழுவதையும் பார்த்தார். இரண்டு வருடம் முன்பு: பின்சக்கரத்தைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் துரு, கவனிக்கவும். அடுத்த வருடம்: துரு அதிகம். இந்த ஜனவரி பத்தாம் தேதி: சட்டம் பிடித்திருக்கும் இடம் அரித்துவிட்டது, அபாயம், ஓட்டாதே. ஜனவரி பதினைந்து: அறுபது மைல் தள்ளி வேறொரு பட்டறையில் தேர்ச்சி, குறை எதுவுமில்லை.

ஒழுங்காக ஒட்டியிருந்தால் அதே பட்டறைக்கே கொண்டுபோயிருப்பார்கள். அழுகலின் மேல் தாரைப் பூசி மறைத்திருக்கிறார்கள். நெவிலுக்கு அதைப் பார்க்கக் கண்ணே தேவையில்லை.

"என்னப்பா, எப்படி இருக்கு?" என்று லியான் கேட்டாள்.

"கலர் நல்லா இருக்கு," என்றார்.

அவர் கணக்கு எளிமையானது. அந்த இரும்பு ஜனவரி வரை தாங்கும். அப்போது சோதனையில் விழும். வெல்டர் துரை வாங்கிய வண்டி துரு என்று ஊர் முழுக்கத் தெரியும். அவன் தலையைச் சொறிந்துகொண்டு நெவிலின் வாசலுக்கு வருவான். அன்றைக்குச் சொல்ல வேண்டியதை யோசித்து வைத்துக்கொள்வதே அந்தக் கோடை முழுவதும் நெவிலின் இன்பமாக இருந்தது. லியான் அந்தக் காரில் பேத்தி ஈடியை ஏற்றிக்கொண்டு கையசைத்துப் போவாள். இவரும் கையசைப்பார்.

அக்டோபரில் ஒரு காலை, ஈடியைப் பள்ளியில் விட்டுவிட்டு, கடலோரச் சாலையில் லியான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வளைவில் பின்சக்கரம் இருப்பிடத்தை விட்டுப் பிய்ந்தது. கார் சுழன்று கல் சுவரில் மோதியது. இரண்டு மணி நேரம் தகரத்தை அறுத்து அவளை எடுத்தார்கள். வலது காலை முழங்காலுக்குக் கீழே காப்பாற்ற முடியவில்லை.

ஆஸ்பத்திரி நடைவழியில் ஷேன் மாமனாரின் தோளில் விழுந்து அழுதான்.

"என் திமிரு நெவில். உங்களக் கேட்டிருக்கணும். கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பீங்க."

நெவில் அவன் முதுகைத் தட்டினார். உண்மையைச் சொல்ல வாய் திறந்தார். வந்தது வேறு.

"விடு. இனிமேயாவது கேளு."

ஒன்பதாம் நாள் லியானின் பக்கத்தில் அவர் மட்டும் இருந்தபோது, அவள் கூரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"நீங்க பாத்தீங்கதானே?"

"எதக் கண்ணு?"

"அப்பா. அடுத்த வீட்டுக்கு வர்ற பால்காரன் வண்டியவே பாக்குறவரு நீங்க. அன்னிக்குச் சாப்பிடுறப்ப மேஜைக்குக் கீழ போன் வச்சிருந்தீங்க."

அவர் தரையைப் பார்த்தார். "ஜனவரி வரைக்கும் தாங்கும்னு நெனச்சேன்."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, "ஷேன் கிட்ட நான் சொல்ல மாட்டேன். அது உங்க வேலை," என்றாள்.

அவர் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று மாதங்கள் போயின. அதற்குள் ஷேன் மாறிப்போயிருந்தான். டயர் மாற்றினாலும் அவரைக் கேட்டான். கெட்டில் வாங்கினாலும் கேட்டான். பேச்சில் பழைய கிண்டல் இல்லை. இந்த மரியாதைக்குத்தான் நெவில் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறார்! அது இப்போது தட்டில் வைத்து வந்தது. வெட்கத்தோடு அதைத் தின்றார், ஆனால் தின்றார்.

பிப்ரவரியில் ஷேன் ஒரு காரின் நம்பரைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தான். கையாலேயே ஓட்டும்படி மாற்றிய பழைய கார். லியான் சக்கர நாற்காலியில் எதிரே இருந்தாள். ஈடி முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க பாத்து சரின்னா வாங்கிருவேன்," என்றான் ஷேன்.

நெவில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். வண்டி சுத்தம். ஒரு டயர் தேய்மானம், அவ்வளவுதான்.

"நல்ல வண்டி," என்றார்.

"இப்ப அந்த நீலக் காரோடதையும் படிங்க," என்றாள் லியான்.

"எதுக்கு லியான் அதெல்லாம்?" என்றான் ஷேன்.

"நான் கேக்கணும். ஒரு வரி விடாம படிங்கப்பா."

பாலின் அடுப்படியிலிருந்து வந்து கதவருகே நின்றாள். நெவில் அந்த நம்பரை யாரையும் கேட்காமலே தட்டினார், மனப்பாடம். துரு, கவனிக்கவும். துரு அதிகம். அபாயம், ஓட்டாதே. ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஷேன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு கேட்டான். பாதியில் கையை எடுத்தான்.

"இத நீங்க எப்ப பாத்தீங்க?"

நெவில் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொழம்பு ஊத்திக்கிட்டிருந்தப்ப," என்றாள் லியான். "மேஜைக்குக் கீழ. அப்படித்தானே அப்பா?"

அவர் தலையசைத்தார்.

ஷேன் அடிப்பான் என்று நெவில் எதிர்பார்த்தார். அடித்திருந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தார். அவன் எழுந்து லியானின் காலில்லாத பக்கம் போர்வையைச் சரிசெய்தான்.

"அத ஒட்ட ஒரு சனிக்கிழமை போதும் எனக்கு," என்றான். "மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சிருப்பேன்."

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். பாலின் ஈடியின் கோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, தன் கோட்டையும் மாட்டிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனாள். மகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு வாரம் என்றாள். ஏப்ரலில் மிச்சத் துணிகளை எடுத்துப்போக வந்தாள்.

ஜூனில் ஈடிக்குப் பத்து வயது நிறைந்தது. நெவில் பொட்டலத்தோடு இரண்டு பஸ் மாறிப் போனார். ஷேன் கதவைப் பாதி திறந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டான்.

"லியான் தூங்குறா," என்றான்.

உள்ளே மெழுகுவத்தி எண்ணும் லியானின் குரல் கேட்டது. ஏழு, எட்டு, ஒன்பது. கதவு சாத்திய பிறகும் நெவில் படியில் நின்றிருந்தார். திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.