ஞானப்பூ டீச்சரின் நோட்டும் அதை வாசித்தவர்களும்

வேப்பெண்ணெயும் சூடமும் கலந்த ஒரு வாடையோடுதான் அந்த நோட்டு எங்கள் வீட்டுக்குள் வந்தது. எழுதியவர் பாக்கியம் அக்கா. தங்கையின் முதுகுக்கு எண்ணெய் தேய்த்த கையோடு உட்கார்ந்து, தங்கை சொல்லச் சொல்ல எழுதியதால் தாள்களின் மூலைகள் மினுங்கிக்கொண்டிருந்தன. சொன்னவர் ஞானப்பூ டீச்சர். பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், ஒரு காய்ச்சலில் படுத்தார். காய்ச்சல் விட்ட அன்று கழுத்துக்குக் கீழே எதையும் அசைக்க முடியவில்லை. அதன் பிறகு ஆறு வருஷம் கட்டிலில் வாழ்ந்த வாழ்க்கையைத்தான் அந்த நோட்டில் சொல்லியிருந்தார்.

எந்த வருஷம் என்பதைப் பலமுறை சரிபார்த்திருக்கிறேன். நோட்டில் தேதி கிடையாது. ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தில் வால் நட்சத்திரம் பார்க்க அப்பா எங்களை விடியற்காலையில் எழுப்பியபோது தம்பி செல்லையா பள்ளிக்கூடத்தில் இன்னும் சேரவில்லை. நோட்டு வந்தபோது சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஆகவே ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று, ஆனி மாசம். எனக்குப் பத்து வயசு.

நோட்டு வீடு வீடாகப் போனது. மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரங்கள் கழுவி ஆனதும் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து உட்கார, அம்மா உரக்க வாசித்தாள். காற்றில் கண்ணில் மண் விழுந்தால், அக்கா கிணற்றடியிலிருந்து வந்து துடைப்பதற்குள் எத்தனை கீர்த்தனை மனசுக்குள் பாடி முடிக்கலாம் என்று அதில் இருந்தது. ஓட்டுச் சந்து வழியாக விழும் வெயில் சுவரில் எந்த இடத்தைத் தொட்டால் எந்த மாசம் என்று இருந்தது. பார்க்க வருகிறவர்கள் தம்மிடம் கேட்காமல், தலைக்கு மேலாக அக்காவிடம் ‘சாப்பிடுதாளா?’ என்று கேட்பது இருந்தது. கொசு கடிப்பது நன்றாகத் தெரியும், ஓட்டத்தான் முடியாது என்றும் இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: “இந்த நோய் எனக்கு ஒன்றும் கற்றுத்தரவில்லை. இதில் நான் சொன்ன நல்லதெல்லாம் எனக்கு முன்பே தெரியும்.”

எங்கள் சபைக் குடும்பங்களில் அப்போது ஒரு வழக்கம் உண்டு. கைமாறி வரும் கடிதமோ நோட்டோ, வாசித்தவர் தம் மனசில் தோன்றிய வேதவசனத்தை அதன் ஓரத்தில் எழுதி, கீழே பெயரின் முதலெழுத்தைப் போடுவார். நோயாளிக்கு அது மருந்துபோல என்று நினைப்பு. கடைசி வரியின் பக்கத்தில் இடம் பிடிக்கப் போட்டியே நடந்தது. அம்மாவும் ஒரு சங்கீத வசனம் எழுதி ‘ரூ’ என்று போட்டாள். அவள் பெயர் ரூத்து.

எனக்கும் செல்லையாவுக்கும் கொசுதான் மனசில் நின்றது. தெரியும், ஆனால் ஓட்ட முடியாது என்றால் அது எப்படி இருக்கும்? புறவாசலில் பாயை விரித்து ‘டீச்சர் விளையாட்டு’ ஆரம்பித்தோம். ஒருவர் அசையாமல் படுக்க, மற்றவர் கோழி இறகால் மூக்கில் வருடி எண்ணிக்கொண்டே போவார். செல்லையா நாற்பதில் எழுந்துவிட்டான். நான் நூற்று முப்பது. மறுபடி படுத்தபோது அம்மா அகப்பைக் காம்போடு வந்துவிட்டாள். “படுத்துக் கெடக்கவளப் பாத்தா ஒங்களுக்கு விளையாட்டா இருக்கா?”

ஆடி முடியும் தறுவாயில் எங்கள் சபையின் உபதேசியார் வந்தார். நோட்டைக் கடைசியாக வாசித்து, டீச்சர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பியவர் அவர். “அச்சுப் போட நான் ஏற்பாடு பண்ணுதேன். அந்தக் கடைசி வரிய மட்டும் அடிச்சிரணும். கர்த்தர் சும்மாவா படுக்கப் போடுவாரு? நீங்க ரெண்டு பேரும் ஒரே போர்டிங் ஸ்கூல்ல படிச்சவங்க, நீங்க சொன்னா கேப்பா” என்றார் அம்மாவிடம்.

அம்மா டீச்சரோடு படித்தவள்தான். ஆனால் அந்த ஆறு வருஷத்தில் இரண்டு தெரு தள்ளியிருந்த டீச்சர் வீட்டுக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. மறுநாள் கிளம்பினாள், வீட்டில் விட்டால் மறுபடி பாயை விரிப்பேன் என்று என்னையும் கூட்டிக்கொண்டாள்.

“ஏளா ரூத்து, ஒன் சத்தம் கேக்கு. வாசல்ல நின்னா எனக்கு மொகம் தெரியாது. இங்கன வா” என்று உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது. அம்மா கட்டிலருகே போய் அந்த முகத்தைப் பார்த்தாள். பாக்கியம் அக்கா பக்கம் திரும்பி, “சாப்பிடுதாளா?” என்றாள்.

“நோட்ட நல்லாத்தான் வாசிச்சிருக்கே” என்றார் டீச்சர்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டே உபதேசியார் சொன்னதைச் சொன்னாள். டீச்சர் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கிச் சொன்னார்: “நோட்டு எப்ப திரும்பி வரும்னு காத்துக் கெடந்தேன். அக்கா ஓரத்துல உள்ளதையெல்லாம் வாசிச்சுக் காட்டுனா. எல்லாரும் பதில் எழுதியிருக்கீங்க. நான் ஒண்ணும் கேக்கலியே. நீங்கதான் எங்கிட்ட ஏதாவது கேப்பீங்கன்னு நெனச்சேன்.”

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று அம்மா என்னைக் காட்டிக்கொடுத்தாள். “இவ வேற, ஒன்ன மாதிரி படுத்து விளையாடுதா.”

நான் அழத் தயாரானேன். “எப்படி விளையாடுவ?” என்றார் டீச்சர். சொன்னேன்.

“எவ்வளவு நேரம் தாங்குன?”

“நூத்து முப்பது எண்ணுத வரைக்கும்.”

“பைய எண்ணுனியா, வேகமாவா?”

“கடைசில வேகமா.”

சிரிப்பு வந்து அவருக்கு மூச்சடைத்தது. பாக்கியம் அக்கா தோளைத் தூக்கிப் பிடித்தார். “ஐநூறு தாண்டிட்டா அரிப்பு தானா போயிரும்ட்டி” என்றார் சமாளித்துக்கொண்டு.

“எங்க போகும்?” என்று கேட்டேன்.

“அந்தா கேட்டா பாரு. எனக்கும் தெரியல. அக்கா, இத எழுதிக்கோ.”

பிறகு அம்மாவிடம் சொன்னார்: “அந்த வரிய அடிச்சா அச்சாகும். சென்னப்பட்டணம் வரைக்கும் போகும். எனக்கு ஆசை இல்லன்னு நெனைக்காத. ஆனா அது வேற ஒருத்தி கதையாயிரும். அவ நல்லவதான். நான் அவ இல்ல.”

அம்மா உபதேசியாரிடம், “அடிக்க மாட்டாளாம், ஐயா” என்று மட்டும் சொன்னாள். அவர் வருத்தப்பட்டார்; கோபப்படவில்லை. நோட்டு அச்சாகவில்லை.

அம்மா டீச்சரின் நோட்டை மறுபடி இரவல் கேட்டு, புது நோட்டு ஒன்று வாங்கிவரச் சொல்லி, புரட்டாசி முழுவதும் மத்தியானங்களில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படி எடுத்தாள். கடைசி வரியும் அதில் உண்டு. ஓரத்து வசனங்களை மட்டும் விட்டுவிட்டாள். பின்பக்கத் தாள்களில் தன் கேள்விகளை எழுதி, வாரம் ஒருமுறை போய்க் கேட்டு, பதிலைக் கேள்விக்குக் கீழே எழுதிக்கொண்டு வந்தாள். கனவில் நடப்பாயா? யார் தொட்டால் பிடிக்காது? கணக்கு இன்னும் போடுவாயா? மற்றப் பெண்களில் இரண்டு பேர் தங்கள் கேள்விகளையும் அம்மாவிடம் கொடுத்து அனுப்பினார்கள். மற்றவர்கள் வசனத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஐரோப்பாவில் சண்டை தொடங்கிய வருஷம் கார்த்திகையில் டீச்சர் இறந்தார். மூல நோட்டைப் பாக்கியம் அக்கா கொழும்புக்குக் கொண்டுபோனார். அதன் பிறகு எழுதிக் கேட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. டீச்சர் படுத்திருந்த வீட்டை இடித்து இப்போது அரிசி மூட்டை அடுக்கும் கிட்டங்கி கட்டியிருக்கிறார்கள். ஓரத்தில் எழுதும் வழக்கமும் போய்விட்டது. இன்று என்னிடம் புத்தகம் இரவல் வாங்குகிறவர்கள் அட்டை போட்டு, ஒரு கீறல் இல்லாமல் திருப்பித் தருகிறார்கள்.

அம்மாவின் படி என்னிடம் இருக்கிறது. முதல் வருஷக் கேள்விகள் நீல மை. பிறகு அம்மா கறுப்பு மைக்கு மாறினாள், டீச்சர் சாகும் வரை கறுப்புத்தான். எல்லாக் கேள்விக்கும் கீழே பதில் இருக்கிறது, ஒன்றைத் தவிர. அது தனியாக, பின் அட்டையை ஒட்டிய தாளில் இருப்பதால், சாவுக்குச் சற்று முன்னே எழுதியதாக்கும், கேட்க நேரம் கிடைக்கவில்லையாக்கும் என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். போன மாசம் வெயிலில் வைத்துப் பார்த்தேன். மை நீலம். “நான் ஏன் ஆறு வருஷம் வரவில்லை என்று நீ ஏன் என்னிடம் கேட்கவில்லை?”

மூன்று வருஷம் வாரந்தோறும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டுதான் அம்மா அங்கே போய்வந்தாள்.