ஓரகத்தியின் புளிச்சோறு

பசியாவரத்தில் என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் ஒரே படகில் கடலுக்குப் போகிறார்கள். சாப்பாடு கட்டிக் கொடுப்பது ஓரகத்தியும் நானும்.

"அண்ணி கட்ற புளிச்சோறு ரெண்டு நாளானாலும் கெடாது" என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அவளுடைய தூக்குவாளியைப் படகிலிருந்து எடுத்து என் வீட்டு வலைக்கடியில் ஒளித்துவிட்டு, என் இறால் பிரியாணியை மட்டும் அனுப்பினேன். நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோய், மறுநாள் சாயங்காலம்தான் கரைக்கு வந்தார்கள். பட்டினியில் இருவர் முகமும் சுண்டிப்போயிருந்தது.

"பிரியாணி ஊசிப்போச்சு, கடல்ல கொட்டிட்டோம். அண்ணி சோறு இன்னா ஆச்சு?" என்றார் என் வீட்டுக்காரர்.

வலைக்கடியில் தூக்குவாளியைப் பார்த்துவிட்டிருந்த ஓரகத்தி, என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நாந்தான் படகுல வெக்க மறந்துட்டேன்" என்றாள்.

அதிலும் அவளே ஜெயித்தாள்!

இப்போது அவள் தூக்குவாளியை நானே முதலில் படகில் ஏற்றுகிறேன். பொறாமை போய்விட்டதா என்று மட்டும் கேட்காதீர்கள்.