பெரியப்பா செத்துப் பிழைத்த சனிக்கிழமை

எங்கள் அப்பா அழுது நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அதற்குக் காரணமும் நான்தான். இந்தக் கதையைக் கேட்பவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் இன்னும் முழுசாகச் சிரிப்பு வரவில்லை.

அப்போது அம்பாசமுத்திரத்தில் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வினாத்தாள் அடிப்பதற்கென்று அவர் வாங்கிய கம்ப்யூட்டரில் நான் ஒரு இன்டர்நெட் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். காடு, மலை, கோட்டை என்று பெரிய உலகம் அது. எங்கெங்கோ இருந்து ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் அதற்குள் உலவுவார்கள். ஆளுக்கொரு வேஷம் கட்டி, கூட்டாளி சேர்த்துக்கொண்டு பூதங்களை அடிக்க வேண்டும். நான் வாள்காரி. என் கூட்டாளி, பாளையங்கோட்டையில் இருந்த பெரியப்பா.

இது வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் தோலை உரித்திருப்பார்கள். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஐந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பெரியப்பா மகள் கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயர் விட்டுப்போய்விட்டது. அச்சகத்துக்காரன் விட்டுவிட்டான் என்றார் பெரியப்பா. அச்சடித்து வந்ததைப் படித்துக்கூடப் பார்க்காமலா ஊருக்கெல்லாம் கொடுத்தார் என்றார் அப்பா. கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. அதற்குப் பிறகு "பெரியப்பா" என்பது எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை மாதிரி ஆகிவிட்டது.

பெரியப்பா மகன், என் அண்ணன், மட்டும் எப்போதாவது வருவான். பிள்ளைகள் மேல் அப்பாவுக்குக் கோபமில்லை. அவன்தான் அந்த விளையாட்டை எனக்குப் பழக்கி, கூட்டாளியாகவும் இருந்தான். பெங்களூரில் வேலை கிடைத்துக் கிளம்பும்போது, "எங்கப்பா ரிட்டயராகி சும்மாதான் இருக்காவ, கூடச் சேத்துக்கோ" என்று தன் இடத்தில் அவரை உட்கார்த்திவிட்டுப் போய்விட்டான். ஆளின் பெயர் என்ன என்று விளையாட்டு கேட்டதற்கு, இங்கிலீஷ் எழுத்தில் "பெரியப்பா" என்றே அடித்துவைத்தார் அவர்.

அவரைப் போல மட்டமான ஆட்டக்காரர் அந்த உலகத்திலேயே கிடையாது. போனால் போகிறதென்று வைத்தியர் வேஷம் கொடுத்திருந்தேன். எனக்கு அடிபட்டால் பின்னால் நின்று ஒரு பட்டனை அமுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதையும் செய்யமாட்டார். எந்நேரமும் பேச்சுப் பெட்டியில் எதையாவது அடித்துக்கொண்டிருப்பார். அதிலும் ஒவ்வொரு சொல்லுக்கும் எண்டர் தட்டுவார். "என்ன", "சாப்பாடு" என்று தனித்தனியாக வந்து விழும். உங்க அப்பாவுக்கு இருமல் நின்றதா, இன்னும் ஆற்றில்தான் குளிக்கிறானா, ராத்திரி நேரத்தோடு படுக்கிறானா. நான் வாளைச் சுழற்றிக்கொண்டே பதில் சொல்வேன். எரிச்சலாக இருக்கும்.

அந்த விளையாட்டில் ஆளுக்கு ஒரே உயிர்தான். செத்தால் செத்ததுதான், மறுபடி பிறக்க முடியாது. எட்டு மாதம் பாடுபட்டு அவரை ஒரு நல்ல நிலைக்குக் கொண்டுவந்திருந்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் மரப்பாலம் ஒன்றைத் தாண்டும்போது பூதம் எழுந்தது. "பெரியப்பா, பைய பின்னால வாங்க" என்று அடித்தேன். அவர் நட்டநடுப் பாலத்தில் நின்றுகொண்டு "உங்க" என்று அடித்தார். அடுத்து "அப்பா" என்று வந்தது. மூன்றாவது சொல் வரவில்லை. பூதம் ஒரே அடி. "பெரியப்பா இறந்துவிட்டார்" என்று திரை முழுக்கக் கறுப்பில் எழுத்து வந்தது.

எட்டு மாத உழைப்பு. வாய்விட்டு அழுதுவிட்டேன். அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்து, "ஏட்டி, என்னட்டி ஆச்சு?" என்றாள். விசும்பலுக்கு நடுவில், "பெரியப்பா செத்துட்டாவம்மா" என்றேன்.

யார் சொன்னது என்று அம்மா கேட்டாள். இப்பத்தான் கம்ப்யூட்டரில் வந்தது என்றேன். அம்மா திரையைப் பார்த்தாள். இங்கிலீஷில் பெரியப்பா என்றும், செத்தார் என்றும் இருந்தது. அதற்குமேல் அவளுக்கு என்ன வேண்டும்? அண்ணன் பெங்களூரிலிருந்து செய்தி அனுப்பியிருக்கிறான் என்று அவளே முடிவுகட்டிக்கொண்டாள். நான் விளக்குவதற்கு வாயைத் திறப்பதற்குள் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அப்பா அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, "அண்ணே" என்று அலறினார்.

அப்பாவிடமிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. பூதம், விளையாட்டு எல்லாம் மறந்து, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

அம்மா பெரியப்பாவின் போனுக்கு அடித்தாள். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. "துட்டி வீட்டுல யாரு எடுப்பா" என்று, சாவு வீட்டுக்குள்ளேயே நிற்பவர் மாதிரி சொல்லிக்கொண்டே அப்பா சட்டையை உள்வெளி மாற்றி மாட்டினார். பைக்கில் இருவருக்கும் நடுவில் என்னைச் செருகினார்கள். கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் அப்பா தனக்குத்தானே பேச ஆரம்பித்தார். "வாத்தியார் வேலைக்கு மனு எழுதித் தந்ததே அவருதான். ஒரு பத்திரிகை. வெறும் ஒரு காகிதம்."

சேரன்மகாதேவியில் ரோஜா மாலை வாங்க நிறுத்தினார். இப்போதாவது சொல்லிவிடுவோம் என்று, "அப்பா" என்றேன். அவர் என் தலையில் கைவைத்து, "அழாத மக்கா, அப்பா இருக்கேம்லா" என்றார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? சொன்னால் அடி விழும் என்ற பயம் போய், சொன்னால் அப்பா என்ன ஆவார் என்ற பயம் வந்துவிட்டது.

பாளையங்கோட்டையில் அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு, சாவுக்கு அடிக்கும் சர்ச் மணி கேட்கிறதா என்று பார்த்தார். மணி இல்லை. வாசலில் பந்தல், நாற்காலி எதுவும் இல்லை. "வந்து நிக்கதுக்குக்கூட ஆளில்லாமப் போச்சே" என்று பைக்கை அப்படியே கீழே போட்டுவிட்டு, தெருவே வெளியில் வரும்படி கதறிக்கொண்டு ஓடினார்.

பனியனோடு, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டபடி, பெரியப்பா வெளியே வந்தார்.

அப்பா நின்றுவிட்டார். அம்மா கையிலிருந்த மாலை நழுவியது. பெரியப்பா அந்த மாலையைப் பார்த்தார். "ஏலே, யாருக்குலே? அக்காவுக்கா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவரும் அழ ஆரம்பித்தார். ஒருவர் அண்ணனுக்காகவும் மற்றவர் அக்காவுக்காகவும் கொஞ்சநேரம் சேர்ந்து அழுதார்கள். அந்த அக்கா, எங்கள் அத்தை, பழையபேட்டையில் நல்ல சுகத்தோடு இருந்தாள்.

அம்மாதான் முதலில் சுதாரித்தாள். "அப்ப செத்தது யாருட்டி?" என்றாள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பெரியப்பாதான். விளையாட்டுல."

"அட, ஆமா. பாலத்துல நான் செத்துல்லா போனேன்" என்றார் பெரியப்பா.

அப்பா அவர் பிடியிலிருந்து விலகினார். பைக்கைத் தூக்கி நிறுத்தினார். ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போலே என்றார் பெரியப்பா. "நான் துட்டிக்கு வந்தவன். தண்ணி குடிக்க வரல" என்றார் அப்பா.

"அப்ப துட்டியாவது கேட்டுட்டுப் போ" என்று பெரியப்பா இரண்டு கையையும் நீட்டினார். எங்கள் பக்கம் சாவு வீட்டுக்கு வருபவர்கள் அந்த வீட்டு ஆளின் கையைப் பிடித்துத்தான் துக்கம் விசாரிப்பார்கள். தன் சாவுக்குத் தானே கைநீட்டிய ஆளை நான் அவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அப்பா அசையவில்லை.

அடி எனக்குத்தான் விழப்போகிறது என்று தெரிந்துவிட்டது. பழியை எப்படியாவது தள்ளிவிட வேண்டும். "எல்லாம் பெரியப்பாவாலதான்பா" என்றேன். "விளையாடவே மாட்டாவ. உங்களுக்கு இருமல் நின்னுட்டா, நேரத்துக்குத் தூங்குதீங்களான்னு தினமும் கேட்டுக்கிட்டே நிப்பாவ. இன்னைக்கும் உங்க அப்பான்னு என்னமோ கேக்க வந்துதான் செத்தாவ. எட்டு மாசமா இதே தொல்லைப்பா."

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். மோசமாக விளையாடியதற்கு வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். அப்பா பைக்கை விட்டார். அது மறுபடி விழுந்தது. நடந்து வந்து அந்த இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

துட்டிக்கு வாங்கிய மாலையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாதே என்று அம்மா தவித்தாள். "செத்தவன் அதுக்குள்ளதான கிடக்கான்" என்று பெரியப்பா வீட்டுக்குள் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார். அதற்கே போட்டோம்.

எனக்கு அடி விழவில்லை. ஆனால் பெரியப்பா அதற்குப் பிறகு விளையாட வரவே இல்லை. புது ஆள் எடுத்துத் தருகிறேன் என்று எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். தோற்றுப்போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்குப் பதிலாக, சண்டை நேரத்தில் வாயைத் திறக்காத ஒரு நல்ல வைத்தியரைத் தேட ஆரம்பித்தேன். தினமும் சாயங்காலம் நான் விளையாடும் நேரத்தில் பக்கத்து அறையில் அப்பாவின் போன் அடிக்கும். "சாப்ட்டேண்ணே. இருமல் இல்ல. ஆத்துலதான் குளிச்சேன்" என்று அவர் சொல்வது காதில் விழும். பெரியப்பாவுக்கு யாரிடமும் கேட்பதற்கு வேறு கேள்வியே கிடையாது போலிருக்கிறது, பாவம் அப்பா மாட்டிக்கொண்டார் என்று நினைத்துக்கொள்வேன்.