நீலம் பார்த்த நாள்

எண்பதுகளின் கடைசியில், எங்கள் பனியன் கம்பெனியின் செக்கிங் மாஸ்டர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டுதான் துணியின் நிறம் பார்ப்பார். பிறகு என்னையும் பார்க்கச் சொல்வார். அன்று மாதவிலக்கு வலி என்று அவரிடம் மட்டும் சொல்லி, உட்கார்ந்து வேலை செய்தேன். நீலத் துணி சாம்பிளோடு ஒத்துப்போகவில்லை என்றேன்.

"பரவாயில்ல கண்ணு, போகட்டும்" என்று துணியை பாஸ் செய்துவிட்டார்.

மாலையில், எங்களிடம் சரக்கு வாங்கும் பையர் ஆபீஸ் ஆள் வந்து அதை ரிஜெக்ட் செய்துவிட்டார்.

மாஸ்டர் எல்லோர் முன்னாலும் முதலாளியிடம் சொன்னார்: "இந்தப் புள்ளதானுங்க பார்த்துச்சு. அதுக்கு இன்னைக்கு மாசத் தொந்தரவுங்க. அந்த நாள்ல ஹார்மோன் மாறி, பொம்பளைங்க மூளையில ஒரு பக்கம் மந்தமாயிருமாமுங்க. கலரே மாறித் தெரியுமாம்."

மறுநாள் காலை, பச்சைத் துணியோடு என்னிடம் வந்தார்.

"ஒத்துப்போகுதா பாரு கண்ணு."

எனக்கு இன்னும் வலி நிற்கவில்லை. அது அவருக்கும் தெரியும்.