பாத் போட்டது நான்தான்

மகள் கல்லூரியில் சேர்ந்த பிறகு எங்கள் வீட்டில் அதிகம் கேட்ட சொல் ‘சித்தி’தான். சித்தி என்றால் என் கொழுந்தனின் மனைவி, எனக்கு ஓரகத்தி. மாடியில் குடியிருக்கிறாள். பி.சி.ஏ. படித்தவள், கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை. நான் பேரையூரில் பன்னிரண்டாவது முடித்ததோடு சரி. லேப்டாப் நின்றாலும் சித்தி, நெட் வராவிட்டாலும் சித்தி. இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து திரையைப் பார்ப்பார்கள். அடுப்படியிலிருந்து பார்க்கும் எனக்கு வயிறு எரியும்.

‘சி’ என்ற கம்ப்யூட்டர் மொழி படிக்க ஜி.சி.சி. வேண்டும் என்றாள் மகள். நாம் எழுதும் புரோகிராமை கம்ப்யூட்டர் ஓட்டும்படி மாற்றித் தரும் கம்பைலர். இலவசம்தான்.

“ஞாயித்துக்கிழமை சித்தி போட்டுத் தாரேன்னுச்சும்மா.”

சனிக்கிழமை மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். செல்போனில் ஒரு தமிழ் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அவள் லேப்டாப்பில் ஜி.சி.சி.யை இறக்கி ஒரு ஃபோல்டரில் வைத்தேன். கட்டளை தட்டும் கருப்புத் திரையைத் திறந்து ஜி.சி.சி. என்று தட்டினால், அப்படி ஒன்று இல்லை என்றது. அது இருக்கும் இடத்தை, கம்ப்யூட்டர் தேடிப் பார்க்கும் இடங்களின் பட்டியலான ‘பாத்’தில் சேர்க்க வேண்டுமாம். சேர்த்தேன். திரும்பத் தட்டினேன். அதே பதில். எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தும் அதே பதில்தான்.

சாயங்காலம் மகள் வந்து பார்த்தாள்.

“யாரு இதத் தொட்டது? சித்தி, கொஞ்சம் கீழ வாங்களேன்!”

வந்தாள். கருப்புத் திரையை மூடினாள். புதிதாக ஒன்றைத் திறந்து தட்டினாள். ஜி.சி.சி. பதில் சொல்லிவிட்டது. பாத்தை மாற்றினால் ஏற்கெனவே திறந்திருக்கும் திரைக்கு அது தெரியாதாம். அவ்வளவுதான் விஷயம்.

“சித்தி கை வச்சாலே போதும்!” மகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“நான் ஒண்ணும் செய்யலடி. யாரோ எல்லாத்தையும் போட்டு வச்சிருக்காக.”

“நாந்தான் போட்டேன்” என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

மகள் சிரித்தாள். “நீயா? சார்ஜர் வயரையே தொடப் பயந்து தாண்டிப் போற ஆளு!”

ஓரகத்தி பாத்தைத் திறந்து பார்த்தாள். “யக்கா, நெசமாவா? இம்புட்டையும் நீங்களேவா செஞ்சீங்க? சரியாத்தான்டி போட்டிருக்காக.”

அந்தப் பாராட்டும் கசந்தது. என் மகள் என்னை நம்புவதற்கும் அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மகள் என் பக்கம் திரும்பினாள். “எங்கிட்டிருந்தும்மா இறக்குன? என் பிரெண்டுக்கும் வேணுமாம். காமி.”

ஓரகத்தி எழுந்து இடம் விடுவாள் என்று பார்த்தேன். எழவில்லை.

“தள்ளி உக்காரு” என்று அவளிடம் சொல்லிவிட்டு இருவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன்.